தெர்மாகோலுக்கு முன்னாடி ஒரு 27 வயசுப் பையன்

2017 ஏப்ரல்ல வைகை அணையில தெர்மாகோல் மிதக்க விட்டாங்களே, ஞாபகம் இருக்கா மக்களே? தண்ணி ஆவியாகாம தடுக்க அமைச்சர் செல்லூர் ராஜு தொடங்கி வைத்த திட்டம். காத்து அடிச்சுது, அட்டையெல்லாம் கரை ஒதுங்குச்சு, நாமளும் மீம் போட்டுச் சிரிச்சோம். ஆனா அணையிலிருந்து எவ்வளவு தண்ணி ஆவியாப் போகுதுங்கிற கேள்வி காமெடி இல்லீங்க.

நீர்ப்பரப்புக்கும் காற்றுக்கும் உள்ள ஆவியழுத்த வித்தியாசம்தான் ஆவியாதலைத் தீர்மானிக்கிறது என்று 1802-லேயே டால்டன் சொல்லிவிட்டார். சிக்கல் காற்றின் வேகம். நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுறதை எப்படிக் கணக்குல சேர்க்கிறது?

இன்னொரு வழி, வெப்ப பட்ஜெட். வெயில் வரவு. ஏரி கதிர்வீச்சாக விடுவது, காற்றைச் சூடாக்குவது, ஆவியாக்குவது மூணும் செலவு. மிச்சம் தண்ணீரின் சூட்டில் ஏறும். இதில் கடைசி இரண்டு செலவையும் பிரிக்கத் தெரியாமல் முழித்தார்கள்.

1926-ல் கால்டெக்கில் இருந்த இரா போவென் பிரித்தார். வயசு 27 தான்! (நமக்கெல்லாம் அந்த வயசுல பக் ஃபிக்ஸ் பண்ணவே நேரம் போதல.) வெப்பத்தையும் ஆவியையும் தூக்கிட்டுப் போறது ஒரே காத்துதானே? அப்போ இரண்டின் விகிதத்துக்கு வெப்பநிலை வித்தியாசமும் ஆவியழுத்த வித்தியாசமும் போதும். காற்றின் வேகம் கணக்கிலிருந்தே கழண்டு போச்சு. மனுஷன் பிற்பாடு வானியலுக்குப் போய் பாலோமார் ஆய்வகத்தின் இயக்குநரானது தனிக்கதை.

1950-51-ல் ஓக்லஹோமாவின் ஹெஃப்னர் ஏரியில் இதைச் சோதித்தார்கள். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட கணக்குகளில் பிழை கிட்டத்தட்ட 5 சதவீதம்தான்.

நம்ம ஊருக்கு வருவோம். 10 டிகிரித் தண்ணீரைவிட 30 டிகிரித் தண்ணீரின் ஆவியழுத்தம் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. அதனால் வெப்பமண்டல அணைகளில் ஆவியாதல்தான் பெரிய செலவு. ஒரு லிட்டர் ஆவியாகப் போனால், 580 லிட்டரை ஒரு டிகிரி குளிர்விக்கும் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது.

1958-ல் அதே ஹெஃப்னர் ஏரியில் மெல்லிய ரசாயனப் படலம் விரித்து ஆவியாதலைத் தடுக்கப் பார்த்தார்கள். இங்கேதான் பட்ஜெட் உதைக்குது. படலம் வெயிலைத் தடுக்காது. ஒரு செலவை அடைச்சா அந்த வெப்பம் தண்ணியிலயே தங்கி அதைச் சூடாக்கும், படலம் இல்லாத இடத்துல இன்னும் வேகமா ஆவியாகும். படலத்தைக் கரைக்குத் தள்ளியது யாருங்கறீங்க? வேற யாரு, காத்துதான்!

போவென் கணக்கைவிட்டுத் துரத்திய காத்து, ஏரியைவிட்டுப் போகல. அடுத்த தடவை யாராச்சும் அணையை மூடக் கிளம்பினா, அட்டை வாங்குறதுக்கு முன்னாடி அங்க காத்து எவ்வளவு அடிக்குதுன்னு அளந்துட்டு வரட்டும். சிரிக்கிறதை அப்புறம் வச்சுக்கலாம்.