முள்வேலிக் கம்பியில் ஓடிய பேச்சு



டவுனில் பிராட்பேண்ட் இணையம் வீட்டுக்கு வீடு வருது, நம்ம ஊருக்கு வரமாட்டேங்குதே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். பணக்கார நாடான அமெரிக்காவிலேயே விவசாயிகள் இந்தப் பாட்டை நூறு வருஷத்துக்கு மேலாகப் பட்டிருக்கிறார்கள். அவர்கள் கதையில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கியது 1876-ல். நகரங்களில் போன் பரவியது. பண்ணை வீடுகளோ ஒன்றுக்கொன்று வெகு தூரம். ஒரு மைல் கம்பி இழுத்தால் இரண்டு மூன்று வீடுதான் கிடைக்கும். முதல் திரும்பாது என்று கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன.

1893, 1894-ல் பெல்லின் முக்கியமான காப்புரிமைகள் காலாவதியாயின. யார் வேண்டுமானாலும் போன் செய்து விற்கலாம் என்று ஆயிற்று. உடனே விவசாயிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? மாட்டுக்குப் போட்ட முள்வேலியின் மேல்கம்பியிலேயே போனை மாட்டிவிட்டார்கள்! மின்சாரம் கம்பத்தில் கசியாமல் இருக்க உடைந்த பாட்டில் கழுத்தைச் செருகினார்கள். ஒருத்தர் வீட்டு மணி அடித்தால் எல்லார் வீட்டிலும் அடிக்கும். நீள மணி, குட்டை மணி என்று வீட்டுக்கு ஒரு அடையாளம். பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்டவர்களும் உண்டுங்க!

பிறகு ஆளுக்குக் கொஞ்சம் பங்குப் பணம், கம்பம், உடலுழைப்பு என்று போட்டு சிறு சிறு சங்கங்கள் அமைத்தார்கள். 1920 கணக்கெடுப்பின்போது நூற்றுக்கு 39 பண்ணைகளில் போன் இருந்தது.

சரி, அப்புறம் வளர்ந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. 1930-ல் 34 ஆயிற்று. 1940-ல் 25-க்கு இறங்கிவிட்டது. இருந்த போனும் போய்விட்டது! முதல் உலகப் போருக்குப் பிறகு விளைச்சலுக்கு விலை விழுந்தது. 1929-க்குப் பிறகு பெரும் மந்தம் வந்தது. கம்பம் உளுத்தது, கம்பி துருப்பிடித்தது. பழுது பார்க்கவென்று பல சங்கங்கள் பணம் ஒதுக்கி வைக்கவில்லை. மின்சாரம் வந்த ஊர்களில் ஒற்றைக் கம்பியில் இரைச்சல் ஏறி, பேச்சே கேட்கவில்லை.

இதற்கு மாற்று வழி மின்சாரத்திலிருந்து வந்தது. 1935-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்சார நிர்வாகத்தை அமைத்தார். 1936-ல் சட்டமும் வந்தது. விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் கடன் வாங்கித் தாமே மின்கம்பி இழுத்தன. 1949-ல் அதே கடன் வசதியைத் தொலைபேசிக்கும் கொடுத்தார்கள். வட்டி குறைவு, தவணை நீளம். கடன் கொடுத்ததோடு விடாமல் வேலையின் தரத்தையும் பார்த்தார்கள்.

இப்போது பிராட்பேண்டுக்கு வருவோம். ஃபைபர் என்பது தலைமுடி போன்ற கண்ணாடி இழை. அதில் ஒளி ஓடும். இழையை விட, அதைப் புதைக்கப் பள்ளம் வெட்டுவதற்குத்தான் செலவு அதிகம். ஆகவே மைலுக்கு எத்தனை வீடு என்ற பழைய கணக்கே மறுபடி குறுக்கே நிற்கிறது.

ஆனால் வடக்கு டகோட்டா மாநிலத்தைப் பாருங்கள். 1990-களில் ஒரு பெரிய கம்பெனி வேண்டாமென்று விற்ற கிராமத் தொலைபேசி நிலையங்களை, அங்கிருந்த கூட்டுறவுச் சங்கங்களும் சிறு உள்ளூர் கம்பெனிகளும் வாங்கின. பிறகு பண்ணை வீடு வரை ஃபைபர் புதைத்தன. ஜனநெருக்கம் மிகக் குறைந்த அந்த மாநிலத்தில் இன்று பல நகரவாசிகள் பொறாமைப்படும் வேகம் கிராமத்தில் கிடைக்கிறது. எல்லா மாநிலமும் அப்படி இல்லை. அதனால்தான் 2021-ல்கூட அந்நாட்டு அரசு பிராட்பேண்டுக்கு 6,500 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது.

ஏரி வெட்டினால் மட்டும் போதுமா? வருஷா வருஷம் கரையும் மதகும் பார்த்தால்தானே தண்ணீர் நிற்கும்! கம்பியும் அப்படித்தான். உங்கள் ஊருக்கு ஃபைபர் வரும் அன்றைக்கே இரண்டு கேள்வி கேளுங்கள்: அறுந்தால் யார் வந்து பார்ப்பார்கள்? அதற்குப் பணம் எங்கே இருக்கிறது? பதிலைக் கிராமசபையில் எழுதி வாங்கி வையுங்கள்.