நடுவில் நின்ற குரல்

எம்பி3 என்றால் 'காதுக்குக் கேட்காததைத் தூக்கிப் போடுவது' என்று பொட்டி தட்டும் நம்மாட்கள் ஒரே வரியில் சொல்லிடுவோம். அந்த ஒரு வரிக்குப் பின்னாடி பெரிய தலைவலியே இருக்கு மக்களே.

1980களின் கடைசி. ஜெர்மனியின் எர்லாங்கனில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற ஆராய்ச்சியாளர், சிடியின் நொடிக்கு 1411 கிலோபிட்டைப் பத்தில் ஒரு பங்குக்குச் சுருக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். தவில் முழங்கும்போது கொசு ரீங்காரம் கேட்காதில்லையா? அதே மாதிரி, சுருக்கும்போது வரும் இரைச்சலைப் பலமான ஒலியின் நிழலில் ஒளித்து வைப்பதுதான் சூட்சுமம். ஆனால் சுசான் வேகாவின் 1987 ஆல்பத்தில் வந்த 'டாம்ஸ் டைனர்' பாட்டு ஆளைப் படுத்தி எடுத்துவிட்டது. வாத்தியமே கிடையாது, வெறும் குரல். இதுதானே ரொம்ப சுலபம்? கர்ண கொடூரமாக வந்ததாம்!

காரணம் இதுதான். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கிறது. இடது, வலது இரண்டையும் தனித்தனியாகச் சுருக்கியதில் இரைச்சல் பக்கத்துக்கு ஒரு மாதிரி போய் உட்கார்ந்துகொண்டது. குரல் ஓரிடம், இரைச்சல் வேறிடம் என்றால் காது பிரித்துவிடும் (சந்தைக் கூச்சலிலும் அம்மா கூப்பிடுவது கேட்கிறதே, அந்தத் திறமை). மருந்து எட்டாங்கிளாஸ் கணக்கு: இரண்டையும் கூட்டியது ஒரு தடம், கழித்தது ஒரு தடம். இரைச்சலும் நடுவுக்கு வந்து குரலுக்குள் மறைந்துவிட்டது.

ஸ்டீரியோவில் இரண்டே தடம். அதற்கே இந்தப் பாடு. 2012இல் தியேட்டருக்கு வந்த டால்பி அட்மாஸில் 128 தடம் வரை வைக்கலாம். 48,000 சாம்பிள், 24 பிட் என்று பெருக்கினால் நொடிக்கு 147 மெகாபிட்! 2021 ஜூனில் ஆப்பிள் ம்யூசிக் அட்மாஸ் பாட்டுகளைக் கொடுத்தபோது அனுப்பியது அதிகபட்சம் 768 கிலோபிட். சிடியில் பாதிதான்.

எப்படி? கிட்டக்கிட்ட இருக்கும் ஒலிகளைக் கூட்டம் சேர்த்து 12லிருந்து 16க்குள் அடக்கி, அதையும் 5.1 ஆக மடித்து, திரும்ப விரிக்க ஒரு குறிப்புச் சீட்டும் கூடவே போகிறது. விரிக்கும்போது ஒன்றின் சாயல் இன்னொன்றில் லேசாக ஒட்டத்தான் செய்யும். ஆக, இங்கே முதலில் தேய்வது சுருதியோ தாளமோ இல்லை, ஒலி நிற்கும் இடம். அட்மாஸின் மொத்த விற்பனையே அந்த இடத்தை வைத்துத்தானே!

கூத்து என்னன்னா, அதே மாதம் சாதா ஸ்டீரியோவை ஒரு பிட்டும் இழக்காமல் கொடுக்க ஆரம்பித்தார்கள். தனிக் குரல் பாட்டு என்றால் நான் இன்னும் அதைத்தான் போட்டுக் கேட்கிறேன் :-)