பட்டியலில் உள்ள பதிப்பு எண் எதனுடையது?

பதுளை மாவட்டம் கொஸ்லந்தை, மீரியபெத்தை தோட்டத்து லயன்களை 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவு மூடியது. காணாமற்போனோர் நூற்றுக்கணக்கில் என்று முதலில் சொல்லப்பட்ட எண்ணிக்கை பின்னர் வெகுவாகக் குறைந்தது. அதற்கு மென்பொருள் காரணமல்ல. ஆனால், இன்று இத்தகைய பட்டியல்களைக் கணினி தயாரிக்கும்போது, எந்தப் பட்டியல் மென்பொருளின் எந்தப் பதிப்பில் உருவானது என்பது தெரிய வேண்டும். உறவுகளின் பெயரைப் பட்டியல் பட்டியலாகத் தேடியவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்கத் தேவையில்லை.

2004 சுனாமிக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘சஹானா’ என்ற திறந்த மூல மென்பொருளில் காணாமற்போனோர் பதிவேடும் இருந்தது. இப்படியான மென்பொருளைத் தயாரிக்கும் கட்டளைக் கோப்பே ‘பில்ட் ஸ்கிரிப்ட்’. திருத்தங்களின் வரலாற்றைக் காக்கும் ‘கிட்’டிடம் கடைசித் திருத்தத்தின் அடையாள எண்ணைக் கேட்டு, அதைப் பதிப்பு எண்ணோடு சேர்ப்பதும் அதன் வேலையாக இருக்கலாம்.

எங்கே பிழைக்கிறது?

மூலநிரல் ஒரு கோப்புறையிலும் தயாரிப்பு வேலை இன்னொன்றிலும் நடப்பது வழக்கம். கிட், தான் இயக்கப்படும் கோப்புறையில் தொடங்கி மேல்நோக்கித் தேடும். எதுவும் கிடைக்காவிட்டால் பிழை காட்டும். மேலே வேறொரு திட்டத்தின் களஞ்சியம் இருந்தால், அதன் எண்ணை எந்த எச்சரிக்கையுமின்றித் தந்துவிடும். பார்ப்பதற்குச் சரியாகத் தெரியும் இந்தத் தவறான எண்தான் ஆபத்தானது.

செய்ய வேண்டியவை

• கிட் என்ற சொல்லை அடுத்து கோட்டுக்குறியும் பெரிய ‘சி’ எழுத்தும் இட்டு, மூலநிரல் கோப்புறையின் பாதையைக் கொடுங்கள். 2013இல் வெளிவந்த 1.8.5 பதிப்பு முதல் இவ்வசதி உண்டு.

• ‘கிட் டிர்’ தெரிவை மட்டும் கொடுத்தால், நிற்கும் கோப்புறையையே மூலநிரல் என்று கிட் எடுத்துக்கொள்ளும். மாறாத நிரலும் மாறியதாகத் தெரியும். ‘வேர்க் ட்ரீ’ தெரிவையும் சேர்த்துக் கொடுங்கள்.

• 2022 ஏப்ரலுக்குப் பிந்திய பதிப்புகள், வேறு பயனருக்குச் சொந்தமான களஞ்சியத்தைத் திறக்க மறுக்கும். ‘சேஃப் டைரக்டரி’ அமைப்பில் அந்த ஒரு பாதையை மட்டும் சேருங்கள், எல்லாவற்றையும் திறந்துவிடாதீர்கள்.

• இணைய இணைப்பு இல்லாத இடத்துக்கு மூலநிரலைச் சிப் கோப்பாக, வரலாறு இன்றிக் கொண்டு செல்வதானால், பொதி கட்டும்போதே எண்ணை ஒரு கோப்பில் எழுதி உள்ளே வையுங்கள்.

• எண் கிடைக்காவிட்டால் தயாரிப்பு நின்றுவிட வேண்டும். வெற்று எண்ணோடு வெளியாகும் மென்பொருள் தரும் பட்டியலில் பிழை இருந்தால், அது எந்தத் திருத்தத்தில் நுழைந்தது என்று பின்னர் கண்டறிவது மிகக் கடினம்.