பெயரை மறைக்கும் திரை: யாருக்காக?

தூத்துக்குடியிலே மில்லர்புரம் என்றொரு பகுதி. ஆங்கிலப் பெயரொன்றை இன்றும் சுமந்து நிற்கிறது. முத்துக் குளித்த கடற்கரை இது. மூச்சடக்கி மூழ்கி முத்தெடுத்தோர் எத்தனையோ பேர். அவர்கள் பெயரை எவர் அறிவார்? வல்லவன் பெயர் ஊருக்கு நிலைத்துவிடுகிறது. எளியவரின் பெயரோ, வழக்கு மன்றப் படியேறும் நாளிலேதான் ஊரார் வாயில் விழுகிறது!

‘சாட்சியின் பெயரை வெளியிடாதே, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைக் காட்டாதே’ என்று மன்றங்கள் ஆணையிடுகின்றன. “நீதி வெளிச்சத்தில் நடக்கவேண்டாமா? திரை எதற்கு?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வரலாற்றைப் பார்ப்போம்.

திரையை முதலில் விரும்பியவன் ஆண்டவனே, ஆட்சியிலிருந்தவனைச் சொல்கிறேன். 1908இல், இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பல் விட்ட வ. உ. சிதம்பரனாரை, நெல்லையிலே திறந்த மன்றத்தில் நிறுத்தினர். பின்ஹே தந்த தண்டனையை நாடு அறிந்தது, அறிந்ததால் கொதித்தது. 1919இல் ரௌலட் சட்டம் வந்தது. மூடிய கதவுக்குள் விசாரணை, மேல்முறையீடு இல்லை. சந்தேகத்தின் பேரில் அடைக்கப்பட்டவன் தன் நிலையை விளக்கும் இடத்திலே வழக்கறிஞரும் இல்லை. பிறர் பாதுகாப்புக்குக் கேடு என்று காரணம் காட்டி, அவனுக்கு எதிரான செய்தியை அவனுக்கே மறைக்கலாம். அந்தத் திரை வலியவன் தன்னைக் காத்துக்கொள்ளப் போட்டது. அதை மக்கள் எதிர்த்தனர், எதிர்த்தது சரி.

இன்னொரு திரை உண்டு. 1972இல் மராட்டிய மாநிலத்துக் காவல் நிலையமொன்றில் பழங்குடிப் பெண்ணொருத்தி சிதைக்கப்பட்டாள். 1978இல் உச்சநீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது. ‘அவள் கூச்சலிடவில்லை, உடலில் காயமில்லை’ என்பது காரணம்! சட்டப் பேராசிரியர் நால்வர் திறந்த மடல் எழுதினர்; பெண்கள் தெருவுக்கு வந்தனர். 1983இல் சட்டம் திருந்தியது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவோர்க்கு 2 ஆண்டு வரை சிறை என 228ஏ பிரிவு பிறந்தது. புதிய நியாய சங்கிதையில் அது 72ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பெண்ணுக்கோ காலங்கடந்த காப்பு. வழக்கே அவள் பெயரால் வழங்கலாயிற்று.

சட்டம் வந்தது, சட்டத்தைக் காக்க வேண்டியவர்கள் காத்தனரா? 2019இல் பொள்ளாச்சிக் கொடுமை வெளிப்பட்டபோது, புகார் தந்த பெண்ணின் பெயர் காவல்துறை அதிகாரி வாயிலே வந்தது, அரசாணையிலும் அச்சேறியது! உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அந்தப் பெண்ணுக்கு ரூ.25 இலட்சம் இழப்பீடு தரச் சொன்னது. புகார் சொன்னவளின் பெயர் தெருவுக்கு வந்தால், மற்றவள் எவ்வாறு புகார் சொல்வாள்? ஆயினும் பெண்கள் வந்தனர். மூடிய அறையிலே, அடையாளம் காக்கப்பட்டுச் சாட்சி சொன்னார்கள்; பிறழவில்லை. 2025 மே 13இல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை சிறை விதித்தது. திரை நீதியைத் தடுக்கவில்லை. நீதிக்கு வழி திறந்தது!

பாடம் படித்தோமா? பாலியல் வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையைப் பொதுவில் வைக்கக்கூடாதென்று 2018 டிசம்பரிலேயே உச்சநீதிமன்றம் கூறியிருந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி தந்த புகாரின் அறிக்கை, இணையத்தில் எல்லோர் கையிலும் உலவியது. மீண்டும் ரூ.25 இலட்சம்; மீண்டும் கண்டனம். எந்த ஆட்சியானாலும் இது குற்றமே.

தூத்துக்குடி மாவட்டத்துக்கே வருவோம். 2020 சூனில், சாத்தான்குளம் காவல் நிலையத்தில் வதைபட்ட தந்தையும் மகனும் காவலில் மாண்டனர். அந்த இரவில் நடந்ததை, விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் சொன்னவர், அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர். சொல்லும்போதே அஞ்சினார். அவர் பெயர் நாடெங்கும் பரவிற்று. அவருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பளிக்க மன்றம் ஆணையிட நேர்ந்தது. சாட்சிகளைக் காக்கும் திட்டத்தை உச்சநீதிமன்றம் 2018லேயே நாட்டின் சட்டமாக்கியிருந்தது. ஏட்டிலிருந்த காப்பு, வாய் திறக்கும் வேளையிலே தானாக வந்து நிற்கவில்லை, கேட்டுப் பெறவேண்டியதாயிற்று.

“பெயரை மறைப்பது, பெண்ணுக்கு மானம் போயிற்று என்ற மூடநம்பிக்கைக்குப் பணிவதாகாதா?” என்று பகுத்தறிவுத் தோழன் கேட்கலாம். கற்பு என்ற கட்டுக்கதையைத் தகர்த்தவர் பெரியார். திருடு கொடுத்தவன் தலைகுனிவதில்லை. சிதைக்கப்பட்டவள் மட்டும் ஏன் குனியவேண்டும்? குனியவே வேண்டாம். ஆனால், எப்போது நிமிர்ந்து தன் பெயரைச் சொல்வது என்பதை அவளே முடிவு செய்யவேண்டும். பருவம் வந்த பெண் தன் பெயரைத் தானே வெளியிடச் சட்டமும் இடந்தருகிறது. அவள் பெயரை எடுத்துக் கொடுக்க நமக்கு உரிமை ஏது?

ஒன்றையும் மறக்கலாகாது. குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு எதிரான சான்றை அவனுக்கே மறைத்தால், அது ரௌலட் வாடையடிக்கும் நீதி. ஊர் வாய்க்குத் திரை போடலாம், எதிர்வாதத்துக்குப் போடலாகாது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டால் குழப்பமில்லை: திரைக்குப் பின்னால் நிற்பவர் எளியவரா, வலியவரா?

தோழனே! அடுத்த கொடுமை நடக்கும்போது, இரக்கத்தாலோ ஆத்திரத்தாலோ அவள் படத்தை உன் கைபேசியில் பரப்பத் தோன்றும். நில். நீதி கேட்க அவள் பெயர் தேவையில்லை. உன் குரல் போதும்.