அந்நியர் பெயரில் நான்கு மாதங்கள்

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள. அரசர்களையும் போர்களையும் பற்றி எழுத நம்மில் பலர் உண்டு. நான் எடுத்துக்கொண்டது யூதர்களின் எபிரேய நாள்காட்டியில் வரும் குளிர்கால மாதங்களை. "காலண்டர்ல என்னய்யா சரித்திரம்?" என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது.

கிஸ்லேவ், தேபேத், சேபாத், ஆதார் என்ற நான்கு மாதங்களும் ஏறத்தாழ டிசம்பர் முதல் மார்ச் வரை வருபவை. நான்குமே பாபிலோனியர் வழங்கிய பெயர்கள். அதற்கு முன் இஸ்ரவேல் மக்கள் மாதங்களைப் பெரும்பாலும் எண்ணால்தான் குறித்தார்கள். நேபுகாத்நேச்சார் எருசலேமை முற்றுகையிட்ட நாளை இராஜாக்கள் நூல் பத்தாம் மாதம் பத்தாம் தேதி என்று மட்டுமே சொல்கிறது. பிற்காலத்து எஸ்தர் நூலோ, பத்தாம் மாதத்தைச் சொல்லிவிட்டு, தேபேத் என்று பெயரையும் சேர்க்கிறது. அந்த முற்றுகையின் முடிவில்தான் நகரம் வீழ்ந்தது, ஆலயம் எரிந்தது, மக்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனார்கள். திரும்பி வந்தவர்களோடு மாதப் பெயர்களும் வந்தன.

பெயரைத்தான் வாங்கிக்கொண்டார்கள், அதற்குள் வைத்தது தங்கள் சொந்த நினைவுகளை. முற்றுகை தொடங்கிய தேபேத் 10 இன்றும் உபவாச நாள். கிஸ்லேவ் 25-இல் தொடங்குவது எட்டு நாள் ஹனுக்கா. கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோகஸ் தீட்டுப்படுத்திய ஆலயத்தை மக்கபேயர்கள் மீட்டு, கி.மு. 164-இல் மறுபடி அர்ப்பணித்ததன் நினைவு அது. மாதக் கடைசி ஆகையால் நிலவு தேயும் நேரம். குளிர்கால நீண்ட இரவு வேறு. அந்த இருட்டில் நாளுக்கொன்றாகக் கூட்டி விளக்கேற்றுகிறார்கள்.

சேபாத் 15 மரங்களின் புத்தாண்டு. கனிகளில் தசமபாகம் கணக்கிட ஒரு எல்லை நாள் வேண்டியிருந்தது. ஆண்டின் மழையில் பெரும்பகுதி பெய்து முடிந்து, வாதுமை பூக்கும் காலம் அது. ஆதார் 14 பூரிம். ஆமானின் சதியிலிருந்து எஸ்தரும் மொர்தெகாயும் தம் மக்களைக் காத்த கதை. அது நடந்த வரலாறுதானா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்துக் கொண்டவர்கள் அல்லர். ஆனால் 'பூர்' என்ற சொல்கூட, சீட்டு என்ற பொருளில் பாபிலோனிய மொழியிலிருந்து வந்ததுதான்!

இனி, என்னை மிகவும் கவர்ந்த செய்திக்கு வருகிறேன். பன்னிரண்டு சந்திர மாதங்களுக்கு 354 நாள்தான். சூரிய ஆண்டுக்குச் சுமார் 11 நாள் குறைவு. அப்படியே விட்டால் வசந்தத்தில் வரவேண்டிய பஸ்கா பண்டிகை குளிர்காலத்துக்குள் போய்விடும். ஆகவே சில ஆண்டுகளில் ஆதாரை இரண்டாக்கினார்கள். தெலுங்குப் பஞ்சாங்கத்தில் அதிக மாசம் வருகிறதே, அதைப்போல. அக்காலத்தில் பெரியவர்கள் கூடி, வாற்கோதுமை முற்றியதா என்று பார்ப்பார்கள். மழையில் கெட்ட சாலைகளும் பாலங்களும் சீராகவில்லை என்றாலோ, தூரதேசத்திலிருந்து புறப்பட்ட யாத்திரிகர்கள் வந்து சேரவில்லை என்றாலோகூட, ஒரு மாதத்தைக் கூட்டலாம் என்று தல்மூத் சொல்கிறது. வழியில் இருப்பவனுக்காகக் காலத்தையே கொஞ்சம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்!

கி.பி. 70-இல் ரோமர்கள் இரண்டாம் ஆலயத்தையும் அழித்தார்கள். காலப்போக்கில், பார்த்துச் சொல்லும் முறை போய்க் கணக்கு முறை வந்தது. இதை 4-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் ஹில்லேல் வகுத்தார் என்பது மரபு. 19 ஆண்டுகளில் 7 ஆண்டுகளுக்கு இரண்டு ஆதார். 2024-இலும் அப்படியே வந்தது. கணக்குத் தெரிந்தால் போதும், எந்த நாட்டில் சிதறிக் கிடந்தாலும் ஒரே நாளில் விளக்கேற்றலாம்.

மாணவச் செல்வங்களே, கல்வெட்டும் செப்பேடும் மட்டுமே சான்று என்று எண்ணிவிடாதீர்கள். சுவரில் தொங்கும் காலண்டரிலும் ஒரு மக்கள் இழந்ததும் காத்ததும் எழுதியிருக்கும். ஒரு பெயரைப் பார்த்தால், இது எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். சரித்திரம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.