விருந்தினர், உரிமையாளர் என்ற பிரிவில்லாத குடில்: டொனால்ட் கீனின் கியோட்டோ வாழ்க்கை

அயல்மொழி ஒன்றைப் பயில்வோர் அம்மொழி வழங்கும் நாட்டின் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு தங்கி வருவது இன்று பரவலான வழக்கம். ஜப்பானிய அரசு 1954 முதல் அயல்நாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. ஜப்பானிய மொழியையும் பண்பாட்டையும் இளங்கலையில் பயில்வோர் ஏறத்தாழ ஓராண்டு அங்கே தங்கிப் படிப்பதற்கென்றே அதில் தனிப்பிரிவு உண்டு. இந்திய மாணவர்களும் அதில் சென்று வருகின்றனர். வகுப்பறையும் நூலகமும் தர இயலாத எதை அந்த ஓராண்டு தருகிறது? டொனால்ட் கீன் என்ற அமெரிக்க அறிஞரின் வாழ்க்கை இக்கேள்விக்கு நல்ல விடையாக அமைகிறது.

1922இல் நியூயார்க்கில் பிறந்தவர் கீன். கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, 1940இல், ஆர்தர் வேலி ஆங்கிலத்தில் பெயர்த்த ‘கெஞ்சியின் கதை’ நூலை டைம்ஸ் சதுக்கத்துப் புத்தகக் கடையொன்றில் 49 சென்ட்டுக்கு வாங்கினார். விலை மலிவு என்பதே வாங்கியதற்குக் காரணம். ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த அந்நாள்களில், போரே தலைகாட்டாத அக்கதையுலகம் அவரை ஈர்த்தது. ஆனால் அவருக்கு ஜப்பானிய மொழியை முறையாகக் கற்பித்தது போர்தான். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பின் அவர் அமெரிக்கக் கடற்படையின் ஜப்பானிய மொழிப் பள்ளியில் சேர்ந்தார். ஜப்பானிய வம்சாவளியினர் மேற்குக் கடற்கரையிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, ஆசிரியர்களில் பலர் அவ்வம்சாவளியினர் என்பதால், 1942இல் பெர்க்லியிலிருந்த அப்பள்ளியே கொலராடோவின் போல்டர் நகருக்கு மாற வேண்டியதாயிற்று. பதினொரு மாதங்களில் கீன் பயிற்சியை முடித்தார்.

எதிரியை அறிவதற்காகக் கற்ற மொழி அது. ஹவாயில் அவர்முன் வந்து குவிந்தவை, போர்க்களங்களில் இறந்த ஜப்பானிய வீரர்களின் நாட்குறிப்புகள். சிலவற்றில் குருதிக்கறை படிந்திருந்தது. படைத்தகவல் தேடிப் படிக்க வேண்டிய அத்தாள்களில், பசியையும் நோயையும் வீட்டு நினைவையும் எழுதிய மனிதர்களைக் கீன் கண்டார். சிலர் கடைசிப் பக்கத்தில், இதைக் கண்டெடுப்பவர் போர் முடிந்ததும் தம் குடும்பத்தாரிடம் சேர்க்க வேண்டும் என ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தனர். அத்தகைய குறிப்பேடுகளை அவர் மறைத்து வைத்தார், அவையும் பறிக்கப்பட்டன. அவர் முதன்முதலாக நெருங்கி அறிந்த ஜப்பானியர் அந்த இறந்தவர்களே என்று அவர் பிற்காலத்தில் கூறியதுண்டு.

போருக்குப் பின் 1948இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கு மாணவர்கள் ஜப்பானியத்தைத் தொடங்கியதே, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட ‘கோகின்ஷூ’ பாடல் திரட்டின் முன்னுரையிலிருந்துதான். பழம்பாடல்களுக்குப் பொருள் கூறத் தெரிந்தவர்களுக்கு அன்றாடப் பேச்சு வரவில்லை. பேச முயன்றபோது ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சொற்களே வாயில் வந்தன. அவர்களுக்குப் பேச்சுமொழி பயிற்றுவித்த கீனும் அதுவரை ஜப்பானில் வாழ்ந்ததில்லை. 1945 டிசம்பரில் சில நாள்கள் டோக்கியோவைக் கண்டதோடு சரி.

1953 ஆகஸ்டில், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவித்தொகையுடன் அவர் கியோட்டோவை அடைந்தார். நேச நாடுகளின் ஆக்கிரமிப்பாட்சி முடிந்து ஓராண்டும் சில மாதங்களுமே ஆகியிருந்தன. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், கவிஞர் பாஷோ. தங்குவதற்குக் கிடைத்தது நகரின் கிழக்கே இமாகுமானோவில் ஒரு பழைய வீடு. அதன் பெயர் ‘முஹின்ஜு ஆன்’: விருந்தினர், உரிமையாளர் என்ற பிரிவில்லாத குடில் என்று பொருள்.

அதே வளாகத்தில் மற்றொருவரும் தங்க வந்தார். அமெரிக்காவில் ஆய்வுப்பட்டம் பெற்றுத் திரும்பிய இளம் கல்வியாளர் நாகாய் மிச்சியோ. அவர் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால் தம் ஜப்பானியம் கெடும் என்று அஞ்சிய கீன் முதலில் ஒதுங்கியே இருந்தார். தற்செயலாக ஒருநாள் இருவரும் சேர்ந்து உண்ண நேர்ந்தது. அதன்பின் இரவுணவு நாள்தோறும் ஒன்றாகவே நடந்தது. பழைய இலக்கியமே ஜப்பான் என்று எண்ணியிருந்த கீனுக்குச் சமகால ஜப்பானைக் காட்டியவர் நாகாய். 1974இல் அவர் அந்நாட்டின் கல்வி அமைச்சரானார்.

‘கியோகென்’ என்னும் மரபான நகைச்சுவை நாடகத்தையும் கீன் அங்கே ஷிகெயாமா சென்னோஜோவிடம் பயின்றார். ஆசிரியர் சொல்லும் வரியை அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தில் மாணவர் திருப்பிச் சொல்ல வேண்டும், முழுக்க வாய்ப்பாடம். கண்ணால் கற்ற மொழி அங்கே செவிக்கும் நாவுக்கும் இறங்கியது. 1956இல் டோக்கியோ மேடையில் அவர் ‘சிதோரி’ நாடகத்தில் நடித்தபோது, பார்வையாளர்களில் தனிசாகி, கவபாட்டா, மிஷிமா ஆகியோரும் இருந்தனர். ஓராண்டுக்கென்று வந்தவர் 1955 வரை கியோட்டோவில் தங்கினார். அவர் தொகுத்த ஜப்பானிய இலக்கியத் திரட்டு அவ்வாண்டே வெளிவந்தது.

இந்த வரலாற்றைத் தனிமனித ஆர்வத்தின் கதையாக மட்டும் வாசிப்பது போதாது. வென்ற நாட்டின் குடிமகன், தோற்ற நாட்டில், தன் நாட்டுப் பணத்தில் தங்கிப் படித்தான். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா ஆசியவியலுக்குச் செலவிட்டது இலக்கிய ஆர்வத்தினால் மட்டுமன்று. 1800இல் கல்கத்தாவில் தொடங்கிய ஃபோர்ட் வில்லியம் கல்லூரியை அறிந்த நமக்கு, ஆள்வதற்காக மொழி கற்பதன் வரலாறு புதிதன்று. கீனின் பயிற்சியும் அவ்வழியில் தொடங்கியதே. அவரை வேறு திசையில் திருப்பியவை இறந்தவர்களின் நாட்குறிப்புகளும், உயிரோடிருந்தவர்களுடன் உண்ட இரவுணவுகளும்.

பின்னாளில் ஜப்பானியரின் நாட்குறிப்பு மரபை ஆயிரம் ஆண்டு நீளத்துக்கு அவர் விரிவாக ஆராய்ந்தார். அந்த ஈடுபாடு போர்க்காலத்தில் தொடங்கியது என்று அவரே பதிவு செய்திருக்கிறார். 2011ஆம் ஆண்டின் நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் பின் அயல்நாட்டவர் பலர் ஜப்பானை விட்டு வெளியேறியபோது, எண்பத்தெட்டு வயதான கீன் அங்கேயே குடியேற முடிவு செய்தார். 2012இல் குடியுரிமை பெற்று, 2019இல் அம்மண்ணிலேயே மறைந்தார்.

மொழித்தேர்வின் நிலைகளைக் கொண்டும் வேலைவாய்ப்பைக் கொண்டும் மட்டுமே இன்று ஓர் அயல்மொழிக் கல்வி அளக்கப்படுகிறது. அவை தேவையே. ஆயினும் ஜப்பானுக்குப் புறப்படும் நம் மாணவர்கள், நம்மவர் கூடும் அறைகளிலிருந்து சில மாலைகளையேனும் விலக்கி, அங்குள்ள ஒருவரோடு அமர்ந்து உண்ண ஒதுக்க வேண்டும். கீனுக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்காது. அதற்கு இடம் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.