மேலே கருகல், உள்ளே கூழ் - ஓவன் காட்டும் வெப்பநிலையை நம்பலாமா?

தீபாவளிக்கு முந்திய வாரம். ரவையை வெண்ணெயில் ஊறவைத்து, பாதாமைப் பொடித்து, பத்து முட்டையின் மஞ்சள் கருவைத் தனியாகப் பிரித்து சூஜி கேக் செய்கிறீர்கள். சமையல் குறிப்பில் உள்ளபடி 180 டிகிரி செல்சியஸ், 45 நிமிடம். எல்லாம் சரியாகத்தான் செய்தீர்கள். ஆனால் வெட்டிப் பார்த்தால் மேலே கருகல், நடுவில் கூழ்.

உங்கள் கைப்பக்குவத்தைக் குறைசொல்வதற்கு முன்னால் ஓவனைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

180 என்றால் 180 தானா?

பல வீடுகளில் இல்லை. வெப்பத்தை உணரும் கருவி ஓவனுக்குள் ஓரிடத்தில்தான் இருக்கும். அங்கே சூடு ஏறியதும் மின்கம்பி அணையும், இறங்கியதும் மறுபடி எரியும். அதனால் உள்ளே வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். குமிழில் உள்ள எண்ணுக்கும் உண்மையான வெப்பத்துக்கும் 10, 20 டிகிரி வித்தியாசம் இருப்பது சகஜம்.

கண்டுபிடிக்க எளிய வழி, ஓவனுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி. விலை அதிகமில்லை. பத்து முட்டையும் வெண்ணெயும் வீணாவதோடு ஒப்பிட்டால் மலிவுதான்.

வெப்பமானி இல்லையா? சீனியே போதும். சீனி சுமார் 186 டிகிரியில் உருகும். ஒரு கரண்டி சீனியை அலுமினியத் தாளில் வைத்து, நன்றாகச் சூடான ஓவனில் 180 டிகிரியில் 15 நிமிடம் விடுங்கள். உருகிவிட்டதா? உங்கள் ஓவன் அதிகமாகச் சுடுகிறது. பிறகு 190 டிகிரியில் புதிய சீனியை வையுங்கள். அப்போதும் உருகவில்லை என்றால் சூடு போதவில்லை. துல்லியமான சோதனை இல்லைதான், ஆனால் ஓவன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

விளக்கு அணைந்ததும் கேக்கை வைக்கலாமா?

அவசரப்படாதீங்க. அப்போது காற்றுதான் சூடாகியிருக்கும், சுவர்களும் தட்டும் இன்னும் இல்லை. கதவைத் திறந்தால் அந்தச் சூடான காற்று வெளியே போய்விடும். இன்னும் 10, 15 நிமிடம் பொறுங்கள்.

மேசைமேல் வைக்கும் சிறிய ஓவனா? வீவக வீடுகளில் பலரிடம் இருப்பது அதுதான். மேல்கம்பி கேக்குக்கு மிக அருகில் இருப்பதால்தான் மேல்பக்கம் சீக்கிரம் கருகுகிறது. கீழ்த்தட்டில் வையுங்கள். நிறம் வந்ததும் மேலே அலுமினியத் தாளை லேசாகப் போட்டு மூடுங்கள். கறுப்புத் தட்டு வெப்பத்தை அதிகம் இழுக்கும், அடிப்பக்கத்தைக் கவனியுங்கள்.

மின்விசிறி ஓடும் ஓவன் என்றால் குறிப்பில் உள்ளதைவிட 20 டிகிரி குறைக்கலாம். அமெரிக்கக் குறிப்பில் வரும் 350, ஃபேரன்ஹைட் கணக்கு. நமக்கு அது சுமார் 177.

இன்னொன்று. வெளிநாட்டுக் குறிப்புகளில் வெண்ணெய் 'அறை வெப்பநிலையில்' இருக்கவேண்டும் என்பார்கள். அவர்களுடைய அறை 20 டிகிரி, நம்முடையது 30! இங்கே வெளியே வைத்தால் வெண்ணெய் வழிய ஆரம்பித்துவிடும், அடிக்கும்போது அதில் காற்று நிற்காது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழவேண்டும், ஆனால் தொட்டால் குளிர்ச்சி தெரியவேண்டும். அதுதான் பதம்.

கோழியை ரோஸ்ட் செய்யும்போது?

ஈரம்தான் எதிரி. தண்ணீர் வற்றும்வரை தோல் 100 டிகிரியைத் தாண்டாது, மொறுமொறுப்பும் பொன்னிறமும் வராது. தாளால் ஒற்றி எடுத்து, உப்புத் தடவி, இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூடாமல் வையுங்கள். உருளைக்கிழங்கைச் சுற்றிலும் நெருக்கி அடுக்கினால் அது வறுபடாது, ஆவியில் வெந்துபோகும்.

வெந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்து முடிவுசெய்யக்கூடாது. எலும்பைத் தொடாமல், தொடையின் தடித்த பகுதியில் உணவு வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 75 டிகிரி வந்தால் எடுத்துவிடலாம். வரவில்லை என்றால், வீட்டில் எல்லாரும் பசியோடு மேசையில் காத்திருந்தாலும் சரி, திரும்ப உள்ளே வையுங்கள்.